மலை முருகனோடது, அப்புறம் அனுமதி எதுக்கு?



வர்ற ஜனவரியில் பொதிகை மலை ட்ரெக்கிங் போகலாம்னு சங்கரன்கோவில் பசங்க நாங்க ஆறு பேர் திட்டம் போட்டுட்டு இருக்கோம். அகத்தியர்கூடம், 1868 மீட்டர். தாமிரபரணி பிறக்கும் மலை. முருகப்பெருமானிடம் தமிழ் கேட்ட அகத்தியர் இன்னமும் அங்க இருக்கார்னு நம்ம பெரியவங்க நம்பிக்கை.

நம்ம பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அது வழியா ஏற முடியாது. கேரளாவில் போனக்காடு வழியாத்தான் போகணும். வருஷத்தில் சில வாரம்தான் திறப்பாங்க. முன்பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு கணக்கு உண்டு. பூஜைப் பொருள் கொண்டு போகக் கூடாது.

இதைக் குரூப்ல போட்டதும் ஒரு தம்பி கேட்டான்: "குறிஞ்சி நிலமே முருகனோடது. அவர் மலைக்குப் போக இவங்க யாரு அண்ணே அனுமதி கொடுக்க? ஒரு கற்பூரம் ஏத்தினா என்ன ஆயிடும்?"

என்ன ஆகும்னு முதல்ல பார்ப்போம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில் சிக்கி, ட்ரெக்கிங் போன 23 பேர் உயிர் போச்சு. அதுக்கப்புறம்தான் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டு வந்தது. காஞ்ச புல்லுக்குக் கற்பூரம் எது, பீடி எதுன்னு தெரியாது.

ஆனா பயம் மட்டும் காரணம் இல்ல. மலை முருகனோடதுன்னா, அது நம்மளோடது இல்லைன்னுதானே அர்த்தம்? வள்ளியம்மை காத்த தினைப்புனமும் அவர் மலைதான். அங்கேயே அவர் கிழவரா வந்து, தேனும் தினைமாவும் கேட்டு வாங்கித்தான் சாப்பிட்டார். மலைக்குச் சொந்தக்காரரே அங்க இருக்கிறவங்ககிட்ட விருந்தாளியா நின்னார். பொதிகையில் காணி மக்கள் இருக்காங்க, யானை இருக்கு, வரையாடு இருக்கு. நாம மூணு நாள் வந்துட்டுப் போறவங்க. நமக்கு மட்டும் எங்கிருந்து உரிமை வந்துச்சு?

சாஃப்ட்வேர் வேலையில் எவ்வளவு திறமை இருந்தாலும் லைவ் சர்வரைத் தொட அனுமதி கேக்குறோம். அதை யாரும் அவமானமா நினைக்கிறதில்ல.

கற்பூரத்தை ஊர்லயே ஏத்திட்டுக் கிளம்புறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். மலையில் சரவணபவ மந்திரம் மட்டும், அதுவும் மனசுக்குள்ள. புக்கிங் கிடைக்கலைன்னா அடுத்த வருஷம். கோமதி அம்மன் தபசு இருந்து காத்திருந்த ஊர்க்காரங்க நாம. ஒரு வருஷம் காத்திருக்க முடியாதா?

உங்க மனசுல படுறதையும் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!