கடைக்குக் கட்டிப் போன வேட்டி

ஜவுளிக்கடைக்குப் போகும்போது எதை உடுத்திக்கொண்டு போவது? கேட்டால் சிரிப்பு வரும். புதுத் துணி வாங்கப் போகிறவனுக்குப் பழைய துணியைப் பற்றி என்ன கவலை? எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, திருவண்ணாமலையில் ஒரு வேட்டி வாங்கப் போகும் வரையில்.

பௌர்ணமி இரவு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றி வந்திருந்தேன். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் வேட்டியின் கரை தெரியாதபடி செம்மண் அப்பியிருக்கிறது. மாற்று வேட்டி கொண்டு போகவில்லை. ரமணாசிரமத்துக்குள் இந்தக் கோலத்தில் போவதா என்று தயங்கி, கடை திறக்கும் நேரம்வரை காத்திருந்து, கண்ணில் பட்ட முதல் ஜவுளிக்கடையில் நுழைந்தேன்.

கடைப் பையன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கை மட்டும் தானாகவே கீழ்த்தட்டுக்குப் போயிற்று. மலிவான வேட்டிகள் நாலைந்தை எடுத்துப் போட்டான். உண்மையில் எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஊர் போய்ச் சேரும்வரை இடுப்பில் நிற்க ஒரு நாலு முழம். ஆனால் என் வாய், "இதைவிட நல்லதா ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேட்டுவிட்டது. மேல்தட்டு இறங்கியது. அதற்கு மேல்தட்டும் இறங்கியது. அரைமணி நேரத்தில், அகலமான ஜரிகைக் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஜோடி அங்கவஸ்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கை மகளுக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பணம் ஜரிகையாகி என் இடுப்பில் மின்னிக்கொண்டிருந்தது.

அந்தக் கோலத்தில்தான் ஆசிரமத்துக்குள் போய் உட்கார்ந்தேன். எதிரே மகரிஷியின் படம். இடுப்பில் கோவணம், வேறொன்றும் இல்லை. 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த அன்றே, உடுத்தியிருந்த வேட்டியில் கோவணத்துக்கு மட்டும் கிழித்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிட்டார். கையிலிருந்த காசையும் அதோடு எறிந்தார். 1950 ஏப்ரலில் சமாதியாகும்வரை அந்தக் கோவணமே உடை. மலைமேல் வாழ்ந்த நாட்களில் அது கிழிந்தால், முள்ளையே ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே நூலை உருவித் தைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். தைக்க நூல் வேண்டும் என்றுகூட அவர் இன்னொருவரிடம் போய் நிற்கவில்லை.

எனக்கு உட்கார முடியவில்லை. காலையில் அழுக்கு வேட்டிக்காக வெட்கப்பட்டேன். பத்து மணிக்கு ஜரிகை வேட்டிக்காக வெட்கப்பட்டேன். இடையில் மாறியது துணி மட்டுந்தான். வெட்கப்படுகிற ஆசாமி மாறவில்லை.

ஆடை மனத்தை மாற்றும் என்பது புதிய செய்தி அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் தீதரோ இதைப் பற்றிச் சுவையாக ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக ஒரு சிவப்பு அங்கி வந்தது. அதன் பக்கத்தில் பழைய நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. நாற்காலி மாறியதும் மேஜை அசிங்கமாயிற்று. கடைசியில் வீட்டிலிருந்த பழையதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியேற, பழைய அங்கிக்கு நான் எஜமானன், புதிய அங்கிக்கு நான் அடிமை என்று அவர் புலம்பும்படி ஆகிவிட்டது. நம் காலத்து விஞ்ஞானிகளும் சோதித்துப் பார்த்தார்கள். 2012ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், வெள்ளை அங்கியை டாக்டருடையது என்று சொல்லிக் கொடுத்தால் அணிந்தவரின் கவனம் கூர்மையாகிறது, அதே அங்கியை ஓவியருடையது என்றால் அப்படி ஆவதில்லை என்று கண்டார்கள். 2019ல் வேறு சிலர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. துணிக்கு அப்படி ஒரு தனி மந்திரம் இருக்கிறதோ இல்லையோ, கடைக்குள் என்னைப் பிடித்து ஆட்டியது துணி அல்ல. துணியைப் பார்த்த ஒரு ஜோடிக் கண்கள். அந்தக் கண்கள் கேட்டதாக நானே கற்பனை செய்துகொண்ட ஒரு கேள்விக்கு, என் பணப்பை பதில் சொல்லிற்று.

இதே ஊரின் கடைவீதியில் அந்தக் கண்களையே தோற்கடித்த ஒருவரும் நடமாடினார். 1889ல் வந்து 1929ல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகள். அழுக்கேறிய உடம்பும் கந்தலுமாக அவர் ஒரு கடைக்குள் நுழைந்து சாமான்களை வாரி இறைத்தால், அன்று வியாபாரம் பெருகும் என்று வணிகர்கள் மகிழ்ந்துபோவார்களாம். அவருடைய சமாதி ரமணாசிரமத்துக்கு அருகிலேயே இருக்கிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்ற எண்ணமே அவரிடம் இல்லை. அதனால் பார்க்கிறவனும் கந்தலைப் பார்ப்பதை விட்டுவிட்டான்.

இந்த இடத்தில், 'ஆகவே ஆடையை மறந்தவனே பாக்கியசாலி' என்று எழுதிக் கட்டுரையை முடித்திருப்பேன். முடிக்க விடாமல் ஓர் அம்மாள் குறுக்கே நிற்கிறாள்.

அன்று காலை அதே கடையில், எனக்குச் சற்றுத் தள்ளி அவள் நின்றுகொண்டிருந்தாள். உழைத்துக் காய்த்த கைகள். சேலை மட்டும் புத்தம் புதிதுபோல் இருந்தது. பெட்டியில் மடித்து வைத்த மடிப்புக் கோடு மறையவில்லை. அந்துருண்டை வாசனைகூட வந்தது. மகளுக்குப் பாவாடை சட்டை எடுக்க வந்திருந்தாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கசக்கிப் பார்த்தாள், மூன்றை ஒதுக்கி நாலாவதை எடுத்து, சுருக்குப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தாள். "விசேஷத்துக்குப் போற வழியாம்மா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"இல்லைங்க. கடைக்குத்தான் வந்தேன். வேலைக்குப் போற சீலையோட வந்தா யாரு எடுத்துக் காட்டுறாங்க?" என்றாள்.

ஆசிரமத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த வார்த்தை திரும்பி வந்தது. என் செம்மண் வேட்டி ஓர் இரவு விபத்து. ஊரில் பெட்டி நிறைய வெள்ளை வேட்டி இருக்கிறது. அவளுக்கு அந்தச் சேலை கேடயம். துறந்தவனுடைய கோவணமும் இல்லாதவனுடைய கந்தலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். இரண்டையும் ஒன்று என்று சொல்கிறவன் பெட்டி நிறைய வேட்டி வைத்திருப்பவனாகத்தான் இருப்பான். தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859ல் மகாராஜாவின் உத்தரவு வந்தது. அதிலும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களிடம் போய், ஆடை வெறும் மாயை என்று உபதேசித்திருக்க முடியுமா?

காந்தியடிகளுக்கு இந்தச் சங்கடம் புரிந்திருந்தது. அந்நியத் துணியை விட்டுக் கதர் வாங்குங்கள் என்று அவர் சொன்னபோது, வாங்கப் பணமில்லையே என்று ஏழைகள் சொன்னார்கள். சொன்னவர் முழு உடையில் இருந்தார். கேட்டவர்கள் அரை உடையில் இருந்தார்கள். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி மதுரையில் அவர் அரை வேட்டிக்கு மாறினார். ஏழைகள் அப்படியே இருக்கட்டும் என்பதற்காக அல்ல. அவர்களைப் பார்க்கும் தம் கண்ணைத் திருத்திக்கொள்வதற்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே கடைக்கு அழுக்கோடு போ என்றோ அலங்காரத்தோடு போ என்றோ சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த அம்மாள் பிறர் கண்ணுக்காக உடுத்தி வந்தாள். வாங்கும்போது மகளின் உடம்புக்காக வாங்கினாள். நான் யார் கண்ணையும் நினைக்காமல் கடைக்குள் போனேன். வாங்கும்போது ஒரு பையனின் கண்ணுக்காக வாங்கினேன். கட்டிப் போன துணியைக் கடை வாசலிலேயே விட்டுவிட அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் எல்லோரும் யாருக்காவது கடைப் பையன்தான். ஆபீஸ் மேஜைக்குப் பின்னாலும், வீட்டு வாசலிலும், பந்தியிலும் நின்று, வருகிறவனை ஏற இறங்கப் பார்த்து, எந்தத் தட்டுக்குக் கையை நீட்டுவது என்று தீர்மானித்துக்கொண்டே இருக்கிறோம். அந்தப் பார்வை கொஞ்சம் மாறினால், ஒரு தாய்க்குப் பாவாடை வாங்க வருவதற்கென்று ஒரு நல்ல சேலையைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டிய அவசியம் இராது.

ஜரிகை வேட்டி என் பெட்டியில் இருக்கிறது. தங்கை மகளுக்குப் பாவாடை எடுத்துக் கொடுக்க இன்னும் இரண்டு மாதமாயிற்று. அதற்குள் அவள் ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டாள்.