புது வீட்டுக்கு எவ்வளவு சாமான் போதும்?

அனைத்துப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



நோன்புப் பெருநாள் முடிந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் நிக்காஹ் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தர் நிரம்பும். அதோடு சேர்ந்து ஃபர்னிச்சர் கடைகளும் நிரம்பும். கட்டில், மெத்தை, பீரோ, சோபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று பட்டியல் நீளும். இதில் எது தேவை, எது ஆடம்பரம் என்று கேட்டால் வீட்டுக்கு வீடு பதில் மாறும். தனியாக இருக்கும் இளைஞனுக்கு வாஷிங் மெஷின் ஆடம்பரமாகத் தெரியலாம். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு அது பெரும் உதவி. ஆகவே ஹலால் சாமான், ஹராம் சாமான் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட முடியாது. அப்படியானால் நாம் எதை வைத்து முடிவு செய்வது?

ஒரே சொல், இரண்டு இடங்கள்

வீட்டுச் சாமான்களுக்குக் குர்ஆன் பயன்படுத்தும் சொல் ‘அஸாஸ்’. இந்தச் சொல் குர்ஆனில் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று, சூரா நஹ்லின் 80ஆம் வசனம். வீட்டை நமக்கு நிம்மதி தரும் இடமாக ஆக்கியதையும், ஆட்டு ரோமத்திலிருந்தும் ஒட்டக ரோமத்திலிருந்தும் வீட்டுச் சாமான்களைத் தந்ததையும் அல்லாஹ் அங்கே தன் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறான். அவை ஒரு குறிப்பிட்ட காலம் வரைதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறான்.

மற்றொன்று, சூரா மர்யமின் 74ஆம் வசனம். எங்கள் சபைதான் சிறந்தது, எங்கள் வசதிதான் உயர்ந்தது என்று ஏழை முஃமின்களைப் பார்த்துப் பெருமையடித்த குறைஷிகளுக்கான பதில் அது. இவர்களைவிடச் சாமான்களிலும் தோற்றத்திலும் மேலாக இருந்த எத்தனையோ தலைமுறைகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று அல்லாஹ் எச்சரிக்கிறான்.

கவனித்துப் பாருங்கள். சாமான் அதே சாமான்தான். நிம்மதிக்காக வைத்துக்கொண்டபோது அது நிஃமத். அடுத்தவர் முன் காட்டுவதற்காக வைத்துக்கொண்டபோது அதுவே எச்சரிக்கை. நீங்கள் ஒரு பொருளை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து பிறக்கிறது: யாருமே என் வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார்கள் என்றாலும் இதை நான் வாங்குவேனா?

நான்காவது விரிப்பு

ஜாபிர் (ரலி) அறிவித்து ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் ஒரு ஹதீஸ் உண்டு. கணவனுக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று என்று எண்ணிவிட்டு, நான்காவது ஷைத்தானுக்குரியது என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். இமாம் நவவீ (ரஹ்) இதை விளக்கும்போது, தேவைக்கு மேல் பெருமைக்காகச் சேர்ப்பதையே இந்த ஹதீஸ் கண்டிக்கிறது என்கிறார்கள். நோய் போன்ற காரணங்களால் கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி விரிப்பு தேவைப்படலாம் என்பதையும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இந்த எண்ணிக்கையில் விருந்தாளிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இனி நம் வீடுகளைப் பார்ப்போம். ஐம்பதாயிரம் ரூபாய் சோபா ஹாலில் கிடக்கிறது. கவர் அழுக்காகிவிடும் என்று பிள்ளைகளை உட்கார விடுவதில்லை. ஊரிலிருந்து வரும் பெரியம்மா படுக்க ஒரு நல்ல பாயோ, மாற்றுத் தலையணையோ இல்லை. நான்காவது விரிப்பை வாங்கிவிட்டோம், மூன்றாவதை மறந்துவிட்டோம்!

கஞ்சத்தனமும் தீர்வல்ல

இதைக் கேட்டுவிட்டு, “இன்ஷா அல்லாஹ் இனி எதுவும் வாங்க மாட்டேன்” என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டு, மனைவியை அம்மியில் அரைக்க வைப்பது ஸுஹ்த் ஆகாது. கணவர் அபூ ஸுஃப்யான் போதுமான அளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, அவருக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தொகை எதையும் குறிப்பிடவில்லை. ‘மஃரூஃப்’, அதாவது மக்கள் நியாயம் என்று ஏற்கும் அளவு, என்றுதான் சொன்னார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். மக்கள் வழக்கமே கெட்டுப்போயிருந்தால்? தெருவில் எல்லோரும் ஏசி போட்டுவிட்டார்கள் என்பதற்காக, பதினைந்தாயிரம் சம்பளக்காரருக்கும் அது மஃரூஃப் ஆகிவிடுமா? இதற்கான பதில் சூரா தலாக்கின் 7ஆம் வசனத்தில் இருக்கிறது. வசதியுள்ளவர் தன் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் தனக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவு செய்யட்டும் என்பது அதன் கருத்து. அளவுகோல் உங்கள் வருமானம். பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தை வைத்து உங்கள் வீட்டை அளக்காதீர்கள்.

யார் பணத்தில் வாங்குகிறோம்?

நம் சமுதாயத்தில் புது வீட்டுச் சாமான் பற்றிப் பேசிவிட்டுச் சீர்வரிசை பற்றிப் பேசாமல் போக முடியாது. மனைவிக்கு இருப்பிடமும், சமைக்கவும் படுக்கவும் தேவையான பொருள்களும் கொடுப்பது கணவனின் கடமை. ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். ஆனால் வழக்கத்தில் அந்தக் கடமையைப் பெண்ணின் தகப்பனார் தலையில் வைத்துவிட்டோம்.

“ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நபியவர்களே சீர் கொடுத்தார்களே” என்று சிலர் ஆதாரம் காட்டுவார்கள். நஸாயீயில் வரும் அந்தச் சீர் என்ன தெரியுமா? ஒரு கம்பளி, ஒரு தோல் தண்ணீர்ப்பை, இத்கிர் புல் திணித்த ஒரு தலையணை. அலீ (ரலி) சிறு வயதிலிருந்தே நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்தவர்கள். அவர்களிடம் நபியவர்கள், “உமது கவச உடை எங்கே?” என்று கேட்டு, அதை மஹராகக் கொடுக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளையிடம்தான் கேட்கப்பட்டது. பெண் வீட்டில் எவரும் பட்டியல் நீட்டவில்லை.

தகப்பனார் மனமுவந்து மகளுக்குக் கொடுத்தால் அது அன்பளிப்பு, ஆகுமானது. அது மகளுக்கே சொந்தம், கணவனுக்கோ மாமியாருக்கோ அதில் உரிமை இல்லை. ஆனால் இன்று பலரும் சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: “நாங்க ஒண்ணுமே கேக்கலை ஹஜ்ரத், அவங்களாத்தான் கொடுத்தாங்க.” இது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இது போதுமா?

ஃபிக்ஹு அறிஞர்கள் ஒரு விதி சொல்வார்கள். வழக்கத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட ஒன்று, வாயால் நிபந்தனை போட்டதற்குச் சமம். கூலி பேசாமல் துணியைத் தையல்காரரிடம் கொடுத்தாலும் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த விதிதான் இது. சீரைப் பற்றி யோசிக்கும்போது இதை மனதில் வையுங்கள். ஊர் முழுவதும் கட்டில், பீரோ அனுப்புவது வழக்கமாக இருக்கும்போது, மாப்பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதே கேட்பதற்குச் சமமாகிவிடும். மகளை நாளை ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் நகையை அடகு வைத்து வாங்கியதை மனமுவந்து கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? வாலிபர்களே, கேட்காமல் இருந்தால் மட்டும் போதாது. நிச்சயத்துக்கு முன்பே பெரியவர்களை வைத்து, “எதுவும் அனுப்ப வேண்டாம், வீட்டுக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொள்கிறேன்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். அப்போதுதான் அந்தத் தகப்பனார் நிம்மதியாகத் தூங்குவார்.

தவணை வலை

“நானே வாங்குகிறேன்” என்று சொன்ன வாலிபன் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் தவணை. வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,000 வீதம் 10 மாதம், மொத்தம் 30,000. அதையே ரொக்கம் கொடுத்தால் 27,500க்குத் தருகிறார்கள். அந்த 2,500 எங்கே போகிறது? கடனாகப் பணம் கொடுக்கும் நிதி நிறுவனத்துக்கு. கூடவே செயலாக்கக் கட்டணம், தவணை தவறினால் அபராதம். வட்டியில்லாக் கடன் என்ற ஒன்று இங்கே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது.

கடைக்காரரே தன் பொருளைத் தவணைக்கு ஒரு விலை என்று முடிவு செய்து, பிறகு கூட்டாமல் விற்பது வேறு. அதைப் பெரும்பான்மை அறிஞர்கள் அனுமதிக்கிறார்கள். நடுவில் மூன்றாவது ஒருவர் கடன் கொடுத்து லாபம் எடுப்பது வேறு. கையெழுத்துப் போடும் முன் உலமாக்களிடம் கேளுங்கள்.

ஆகுமான கடனாக இருந்தாலும் அது லேசான விஷயமல்ல. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அதிகம் பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று விளக்கினார்கள். சோபாவுக்காகத் தொடங்கிய கடன், வசூலிக்க வருபவரிடம் “அத்தா வீட்டில் இல்லை” என்று பிள்ளையைச் சொல்ல வைக்கும். அந்தப் பொய்யின் விலை எந்த பில்லிலும் இருக்காது.

எப்படித் தொடங்குவது?

கையில் இருக்கும் தொகையை எழுதுங்கள். அதில் இரண்டு மாதச் செலவுக்கும், வாடகை முன்பணத்துக்கும் முதலில் ஒதுக்குங்கள். மீதியில் படுக்க, சமைக்க, தண்ணீர் பிடித்து வைக்க, சுத்தம் செய்ய வேண்டியவற்றை மட்டும் வாங்கிக் குடியேறுங்கள். மற்றவற்றை மூன்று மாதம் கழித்து முடிவு செய்யுங்கள்; எது இல்லாமல் சிரமப்பட்டீர்கள் என்று அதற்குள் தெரிந்துவிடும். அந்த முடிவை மனைவியோடு மஷ்வரா செய்து எடுங்கள். அந்த வீட்டில் அதிக நேரம் உழைப்பவர் அவர். மேசை, அலமாரி போன்றவை பழையதாக, நல்ல மரமாகக் கிடைத்தால் வாங்குவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. நாள் முழுவதும் ஓடும் ஃபிரிட்ஜ், ஃபேன் போன்றவற்றில் மட்டும் விலையோடு நட்சத்திரக் குறியீட்டையும் பாருங்கள். மலிவாக வாங்கியது மின்கட்டணத்தில் திரும்பக் கேட்கும்.

இன்னும் ஒன்று. சூரா மாஊனில், தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்களைக் கண்டிக்கும் அல்லாஹ், அற்பப் பொருளைக் கொடுக்க மறுப்பவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறான். அது வாளி, பாத்திரம், கோடரி போன்ற இரவல் பொருள்கள் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கினார்கள். ஏணியும் துளை போடும் மெஷினும் பிரியாணி தேக்சாவும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. தெருவில் ஒரு வீட்டில் இருந்து, கேட்டவருக்கு முகம் சுளிக்காமல் கொடுத்தால், பத்துக் குடும்பங்களின் செலவு குறையும். புதிதாகக் குடிவந்த தம்பதியிடம், “என்ன சாமான் வாங்கினீங்க?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “என்ன வேணும்மா, சொல்லுங்க” என்று கேட்கப் பழகுவோம்.

நம் வீடுகளை நிம்மதியின் இடங்களாக ஆக்கி, கடனின் சுமையை விட்டும், வட்டியை விட்டும், பிறர் கண்ணுக்காக வாழ்வதை விட்டும் அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக! நம் பெண் மக்களின் தகப்பன்மார்களுடைய பாரத்தை இறக்கி வைக்கும் தவ்ஃபீக்கை நம் வாலிபர்களுக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.