செங்கோட்டைக்குள் மோத்தி மசூதி

தில்லிச் செங்கோட்டையை 1648-இல் கட்டி முடித்த ஷாஜஹான் அதனுள் பள்ளிவாசல் எழுப்பவில்லை. கோட்டைக்கு வெளியே 1656-இல் நிறைவுற்ற ஜாமா மசூதியில் ஊர் மக்களோடு தொழுதார். கோட்டைக்குள் உள்ள மோத்தி மசூதி, அவர் மகன் ஔரங்கசீப் 1659–60-இல் சேர்த்தது. இரவோ பகலோ, பரிவாரம் இன்றித் தன் இருப்பிடத்திலிருந்து சென்று தொழுவதற்காக அதைக் கட்டினார்.

காவலர் நிற்கும் கதவுக்குப் பின்னால் அரசன் தனக்கென அமைத்த இடத்தில் தொழுகை செல்லுமா? இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஹனபி மரபின் அறிஞர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. ஐவேளைத் தொழுகைக்குத் தூய்மையான இடம் எதுவும் போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கோ பொது அனுமதி ஒரு நிபந்தனை. சுல்தான் மாளிகைக் கதவைத் திறந்து எல்லோரையும் வரவிட்டால் அங்கே ஜும்ஆ நிறைவேறும். கதவை அடைத்துக் காவல் வைத்துத் தன் ஆட்களோடு மட்டும் தொழுதால் நிறைவேறாது. ஔரங்கசீப்பின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட சட்ட நூலான ஃபதாவா ஆலம்கீரியே இதைச் சொல்கிறது. கதவை அடைக்கத் தூண்டும் அரசர்களின் அச்சம் வீணானதும் அல்ல. கலீபா உமர் 644-இல் தொழுகையின்போதே குத்தப்பட்டார். அப்படியிருந்தும் சட்டம் அரசனுக்காக வளையவில்லை என்பதே இதில் பெரிய செய்தி. தனிமையில் தொழும் உரிமை அவனுக்கு உண்டு. சமுதாயத்தின் தொழுகையைத் தனதாக்கிக்கொள்ளும் உரிமை இல்லை.

அரசனுக்கும் தொழுகைக்கும் இடையிலான இதே இழுபறியை மோத்தி மசூதியின் கட்டடமும் சுமக்கிறது. வெளிச்சுவர்கள் கோட்டையின் மற்றக் கட்டடங்களோடு ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. உட்சுவர்கள் மட்டும் சற்றே திரும்பி, மக்காவின் திசையான கிப்லாவை நோக்குகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சுவரின் பருமன் விழுங்கிக்கொள்வதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அரண்மனையின் ஒழுங்கு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வேறோர் ஒழுங்கு. முகலாயக் கட்டடக் கலையில் இவ்வளவு ஆழமான தீர்வுகள் சிலவே.

சிறு முற்றம், நடுவே தண்ணீர்த் தொட்டி, வெண்பளிங்குத் தொழுகைக்கூடம், மேலே மூன்று குமிழ்க் குவிமாடங்கள். கூடத்தின் தரையில் தொழுகை விரிப்புகளின் உருவம் கறுப்புப் பளிங்கால் பதிக்கப்பட்டுள்ளது. எளிமையை விரும்பியவராக அறியப்படும் ஔரங்கசீப்பின் பள்ளிவாசலில் கொடியும் பூவுமாகப் புடைப்புச் சிற்பங்கள் இவ்வளவு செறிந்திருப்பது வியப்புக்குரியது. குவிமாடங்களைப் போர்த்தியிருந்த பொன்முலாம் பூசிய செப்புத் தகடுகள் 1857 கிளர்ச்சிக்குப் பின் பறிபோயின. இப்போது தெரியும் வெண்மை அதற்குப் பிந்தையது.