ஆட்டத்துக்கு ஆள் வேண்டும்

2018 ஜூன் 1 அன்று மும்பை அந்தேரியில் இந்தியக் கால்பந்து அணி சீனத் தைபேயை 5-0 என்று தோற்கடித்தது. கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். அரங்கில் இருந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சேத்ரி ஒரு சின்ன வீடியோ வெளியிட்டார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஐரோப்பிய கிளப்புகளின் ஆட்டத்தோடு எங்கள் ஆட்டத்தை வைத்துப் பார்க்க முடியாது, அது எங்களுக்கே தெரியும்; ஆனாலும் வாருங்கள், திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். ஜூன் 4 அன்று கென்யாவோடு ஆட்டம். சேத்ரிக்கு அது 100-வது சர்வதேச ஆட்டம். டிக்கெட் முழுவதும் விற்றுவிட்டது. கொட்டும் மழையில் ஜனம் நின்றது. இந்தியா 3-0 என்று ஜெயித்தது. இரண்டு கோல் சேத்ரி; ஒன்று, அப்போது நம் சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிக்கொண்டிருந்த ஜேஜே.

அந்த வீடியோ என்னை விட்டுப் போகவே இல்லை. ஆட்டம் டிவியில் நேரலையாக வந்தது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. ஏன் போதவில்லை என்பதை இத்தனை ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் பார்ப்பதை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. எனக்குக் கால்பந்தைக் கொடுத்ததே வீடுதான். அப்பாவுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை. லீக் ஆட்டங்களுக்கு அண்ணனைச் சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போவார். பொட்டப்புள்ளைக்குக் கிரவுண்டுல என்ன வேலை என்று பாட்டி சொல்ல, அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் 1986-இல் மெக்சிகோ உலகக் கோப்பை தூர்தர்ஷனில் வந்தபோது என்னை யாரும் தடுக்க முடியவில்லை. அங்கே நடுப்பகல் பன்னிரண்டு மணி என்றால் நமக்கு இரவு பதினொன்றரை. பாட்டி தூங்கியிருப்பாள். அர்ஜென்டினா - இங்கிலாந்து காலிறுதியை அப்பாவின் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து பார்த்தேன். மரடோனா கையால் பந்தைத் தட்டி உள்ளே விட்டார். அடுத்த சில நிமிடங்களில் தன் பாதியிலிருந்து கிளம்பி, வந்தவர்களையெல்லாம் தாண்டிப் போய் இன்னொன்று அடித்தார். அஸ்டெக்கா அரங்கில் அன்று ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். கை பட்டதை அவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? நடுவரே காணவில்லை. பெரம்பூரில் பாயில் இருந்த நாங்கள் கண்டோம், மறுபடியும் மறுபடியும் போட்டுக் காட்டினார்கள்.

ஆக, எங்கே நன்றாகத் தெரிகிறது என்ற கேள்விக்கு வீடு என்பதே நேர்மையான பதில். இப்போது அது இன்னும் உறுதி. வி.ஏ.ஆர். என்ற வீடியோ நடுவர் முறை வந்த புதிதில், பெரிய லீக்குகளில் அரங்கிலிருப்பவர்களுக்கு ஆட்டம் ஏன் நின்றது என்றுகூடத் தெரியாமல் இருந்தது. சோபாவில் இருப்பவருக்குக் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் நடுவர்களே மைக்கில் தீர்ப்பின் காரணத்தைச் சொன்னார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவர்களுக்கு அதற்கு முன் பெரும்பாலும் அந்த மரியாதைகூட இல்லை.

ஆனால் டிவி பந்தைத்தான் பார்க்கிறது. சென்னை நேரு ஸ்டேடியத்தில் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. ஒரு நடுக்கள ஆட்டக்காரர் பந்து தன்னிடம் வருவதற்கு முன் தோளுக்கு மேலே இரண்டு தடவை, மூன்று தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். பந்து வந்ததும் அவர் எங்கே திரும்புவார் என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் ஒன்றும் வேண்டாதவர்போல வலப்பக்கம் நடந்து போகிறார். டிஃபெண்டர் அவர் கூடவே போகிறார். அந்த இடைவெளியில் வேறொருவர் புகுகிறார். கோலடித்தவர் பெயர் ஸ்கோர்போர்டில் வரும். நடந்துபோனவரை, அங்கே உட்கார்ந்திருந்த நமக்கு மட்டும் தெரியும். தாக்குதல் எதிர்ப்பக்கம் நடக்கும்போது நம் கோல்கீப்பர் தன் கோட்டை விட்டு வெகுதூரம் முன்னேறி வந்து, தனியாக, கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார். எந்தக் கேமராவும் அவரைக் காட்டாது. அவர் கத்துவதால்தான் பின்வரிசை ஒழுங்காக நிற்கிறது.

வேகமும் அப்படியே. மேலேயிருந்து எடுக்கும் படத்தில் எல்லாமே மெதுவாகத் தெரியும். கீழ்ப்படியில் உட்கார்ந்தால், விங்கில் ஓடுகிறவனின் மூச்சு கேட்கும் என்று சொல்ல ஆசைதான். நம் ஸ்டேடியத்தில் ஓட்டப்பாதை சுற்றி இருப்பதால் அவ்வளவு நெருக்கம் கிடைக்காது. ஆனால் ஒன்று கேட்கும். எதிர்முனையில் ஒருவர் பந்தை உதைப்பதைக் கண் பார்த்து முடித்த பிறகுதான் அந்தச் சத்தம் வந்து சேரும். நூறு மீட்டரைக் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விநாடி ஆகிறது. ஆட்டம் நம் முன்னால் உண்மையான தூரத்தில் நடக்கிறது என்பதை உடம்புக்குச் சொல்வது அந்தத் தாமதம்தான்.

இதெல்லாம் சேர்ந்தாலும், போவதற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் பாதி உண்மைதான். நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பார்க்கிறேன். தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும்? வீடியோக்காரரின் முதுகும், மேடையைச் சூழ்ந்த உறவினர்களின் தலைகளும். ஆல்பத்தில் இதைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஆல்பம் பார்த்தவர் யாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன் என்று சொல்வதில்லை. கெட்டிமேளம் கேட்டதும் அட்சதை தூவ ஒரு கை வேண்டும். நாம் போகாவிட்டால், ஏன் வரலை என்று கேட்க அங்கே ஓர் ஆள் இருப்பார். சேத்ரி கேட்டது அதைத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நம் கண்ணை அவர் கேட்கவில்லை, நம்மைக் கேட்டார்.

ஆள் இல்லாவிட்டால் ஆட்டம் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காலம் எல்லோருக்கும் காட்டிவிட்டது. 2020 மே 16 அன்று ஜெர்மனியில் லீக் மறுபடி தொடங்கியது. டார்ட்மண்ட் அணி ஷால்கேயை 4-0 என்று வென்றது. டார்ட்மண்டின் தெற்கு கேலரியில் சாதாரண நாளில் ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் உடுப்பில் நின்றுகொண்டே பார்ப்பார்கள். அன்று அங்கே ஒருவர்கூட இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வழக்கம்போல அந்தக் காலி கேலரிக்கு முன்னால் போய், தள்ளித் தள்ளி நின்று, வணக்கம் வைத்தார்கள். டிவி நிறுவனங்கள் பழைய கூச்சலைப் பதிவிலிருந்து எடுத்து ஒளிபரப்பில் கலந்தன. வீட்டிலிருப்பவருக்கும் அரங்கில் யாராவது இருக்க வேண்டியிருந்தது! பிறகு வந்த ஆய்வுகள் பலவும் ஒரே திசையைக் காட்டின. சொந்த ஊரில் ஆடும் அணிக்கு வழக்கமாக இருந்த சாதகம் குறைந்தது. வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டிய மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. அத்தனை காலமும் கேலரியில் இருந்தவர்கள் ஆட்டத்துக்குள்ளேதான் இருந்திருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, நாம் நடத்த வேண்டிய அரையிறுதியைப் புனேயில் நடத்தினார்கள். நம் ஆட்கள் இல்லாத ஊரில் சென்னையின் எஃப்.சி. கொல்கத்தாவை 3-0 என்று வென்றது. கோவாவில் இறுதி ஆட்டம். 90-வது நிமிடம் நெருங்கும்வரை 2-1 என்று பின்தங்கியிருந்த அணி, எதிரணி கோல்கீப்பரின் கையிலிருந்தே ஒரு கோல் கிடைத்து, அடுத்து மெண்டோசா அடித்த கோலில் கோப்பையைத் தூக்கியது. எங்கள் தெருவில் தரைத்தளச் சுவர்களில் வெள்ளத்தின் கறை இன்னும் காயவில்லை. மாடியில் ஒரே டிவி முன்னால் மூன்று குடும்பங்கள் உட்கார்ந்து கத்தினோம். அந்தச் சந்தோஷம் குறைவானது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

இருந்தும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்ற பேச்சை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனிக்கிறேன். ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெண்கள் ஆண்களின் கால்பந்து ஆட்டத்துக்குப் போகத் தடை. டிவியில் பார்க்கத் தடை இல்லை. அப்படியும் பெண்கள் ஒட்டுத்தாடி வைத்து, ஆண் உடுப்பில் நுழைந்தார்கள். ஜாஃபர் பனாஹி அதை வைத்தே 2006-இல் ‘ஆஃப்சைடு’ என்று படம் எடுத்தார். 2019-இல் அப்படி நுழையப் பார்த்துப் பிடிபட்ட சஹர் கோதாயாரி, சிறைத் தண்டனை வரும் என்ற பயத்தில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்தார். வயது 29. அவர் ஆதரித்த அணியின் நிறத்தை வைத்து உலகம் அவரை நீலப் பெண் என்றது. அவர் இறந்த அடுத்த மாதம், அக்டோபர் 10 அன்று, டெஹ்ரானின் ஆசாதி அரங்கில் கம்போடியாவோடு நடந்த ஆட்டத்துக்கு 3,500-க்கும் மேற்பட்ட பெண்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள். ஈரான் 14-0 என்று வென்றது. அப்படி ஓர் ஒருபக்க ஆட்டத்தில் பார்க்க என்ன இருந்திருக்கும்? அவர்களுக்கு அங்கே இருக்க வேண்டியிருந்தது. எங்கள் பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் கொடி வீசிய படங்களைப் பார்த்த அன்று நான் அழுதேன்.

போவதில் ஆபத்து இல்லையா என்றால், இருந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் நடந்த கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவில் நெரிசலுக்குப் பலியானவர்கள் 97 பேர். 2022-இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹானில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, வாசல்களில் நெரிந்து 135 பேர் போனார்கள். அவர்களில் யாரும் ஆட்டம் பார்க்கப் போனதற்காகச் சாகவில்லை. வாசல்களையும் கூட்டத்தையும் பொறுப்பில்லாமல் நிர்வகித்தவர்களால் செத்தார்கள். போகாதே என்பது இதற்குப் பதிலாகாது. வாசலை அகலமாக வை, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வை, ஆட்டம் முடிந்து வீடு திரும்ப ரயில் விடு என்பதுதான் பதில்.

அப்பாவுக்கு இப்போது கேலரிப் படி ஏற முடியாது. நான் போகிறேன், அவர் வீட்டில் பார்க்கிறார். ஆட்டம் முடிந்து சென்ட்ரல் மெட்ரோவில் நிற்கும்போதே போன் வந்துவிடும்.

“அது ஆஃப்சைடும்மா. மூணு தடவை போட்டுக் காட்டுனான்.”

“இருக்கட்டும்பா. அதுக்கு முன்னாடி நம்ம லெஃப்ட் பேக் எங்க நின்னான்னு காட்டுனானா?”

“அத எங்க காட்டுனான்? சொல்லு, சொல்லு.”

நான் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொள்வார். வீடு வந்து சேரும்வரை அந்தப் பேச்சு ஓடும்.

இங்கிலாந்தில் 1960-களிலிருந்து ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் 2:45 முதல் 5:15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் அந்நாட்டு டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை. பெரிய அணிகளை வீட்டில் பார்க்க உட்கார்ந்துவிட்டால், சின்ன ஊர் அணிகளின் கேலரி காலியாகிவிடும் என்ற பயம்தான் காரணம். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, அங்கே காட்டாத அந்த ஆட்டங்கள் சென்னையில் நம் வரவேற்பறைக்குச் சனிக்கிழமை இரவு நேரலையாக வருகின்றன. நம் இந்தியன் சூப்பர் லீக்கும் (ஐ.எஸ்.எல்.) அதே நேரத்தில்தான் ஆடுகிறது. அங்கே சின்ன ஊர்க் கேலரிகளைப் பாதுகாக்க ஒரு கட்டுப்பாடு இருக்கிறது; நேரு ஸ்டேடியம் இருக்கும் பெரியமேட்டின் கேலரியைப் பாதுகாக்க நம்மைத் தவிர ஆள் இல்லை. 2025 ஜூலையில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், ஐ.எஸ்.எல். அடுத்த பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. டிவியில் காட்ட ஐரோப்பா எப்போதும் இருக்கும். இங்கே ஆட்டம் நின்றால், நின்றதுதான்.

டிவியே எட்டிப் பார்க்காத ஆட்டங்கள் இதைவிட அதிகம். வியாசர்பாடிப் பிள்ளைகள் ஆடும் போட்டிகள், சென்னை லீக் ஆட்டங்கள், பெண்கள் ஆட்டங்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கால்பந்து பேசும் நண்பர்களிடம் கேட்டால் பலரும் விழிக்கிறார்கள். ஆர்சனல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியும். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

2026 உலகக் கோப்பை அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும். நமக்குப் பெரும்பாலும் நடுராத்திரியும் விடியற்காலையும். அவற்றை அப்பாவோடு வீட்டில்தான் பார்க்கப்போகிறேன், ஒன்று விடாமல். அங்கே என் இடத்தில் உட்கார ஆள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரு ஸ்டேடியத்தில் ஒரு வேலைநாள் பிற்பகல் பெண்கள் ஆட்டம் என்றால், அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு மகளையும் கூட்டிக்கொண்டு போவேன்.