கேளாமல் கொடுத்த பாய்

ஈகையின் சிறப்பை எடுத்தோதாத சமயம் எதுவுமில்லை. இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால், பெறுகின்றவரிடம் அவருக்கு வேண்டியது யாது என்று கேளாமலேயே கொடுக்கப்படும் ஈகை நிறைவான ஈகையாகுமா? மனம் மகிழ்ந்து கொடுத்தோம் என்பது மட்டும் கொடுத்தவரின் கடமையை முடித்துவிடுமா? இக்கேள்வியை நாம் ஏடுகளிலிருந்து பெறவில்லை. பெருவெள்ளம் வடிந்த ஊரொன்றில், நடக்கவியலாத ஒருவர் நமக்கு இதைக் கற்றுத் தந்தார். மதரஸாவில் பல்லாண்டுகள் ஓதிக்கொடுத்துவரும் நாம், அன்று அவர் முன்னிலையில் மாணவராக நின்றோம்.

பத்தமடை என்றதும் பாய் என்று சிறு பிள்ளையும் சொல்லும். தாமிரபரணிக் கரையோரம் விளையும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மீண்டும் உலர்த்திச் சாயமேற்றி, தறியில் நெய்தெடுக்கும் இக்கைத்தொழில், தலைமுறை தலைமுறையாக நம் ஊர் முஸ்லிம் குடும்பங்களின் வாழ்வோடு பின்னிக் கிடக்கிறது. நெய்கின்ற கைகளில் பெரும்பாலானவை நம் தாய்மார்களின் கைகள். மணமக்களின் பெயர் பொறித்த பட்டுப் பாய் எத்தனையோ ஊர்களின் திருமண வீடுகளுக்கு இங்கிருந்து சென்றிருக்கிறது. ஆகவே, பிறர்க்கு ஒன்றைக் கொடுக்க எண்ணும்போது நம் ஊரார் நெஞ்சில் முதலில் எழுவது பாய்தான் என்றால், அதில் வியப்பில்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை எவரும் மறந்திருக்கமாட்டார். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறுகின்ற சராசரி மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன. நம்மை ஊட்டி வளர்க்கும் தாமிரபரணி கரைகடந்து பாய்ந்தது. ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் வெள்ளத்தில் சிக்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. மின்சாரம் போயிற்று, தொலைபேசியும் ஊமையாயிற்று.

வெள்ளம் வடியத் தொடங்கியதும், நண்பர்கள் சிலர் அரிசியும் பருப்பும் துணிமணியும் சேகரித்தனர். ஈரத் தரையில் படுக்கும் மக்களுக்கென்று கோரைப் பாய்களும் கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தன. அன்றாடம் நெய்து அன்றாடம் உண்ணும் வீடுகளும் ஆளுக்கொரு பாய் தந்தன. லாரியில் ஏற்றிக்கொண்டு ஏரல் பக்கமாகச் சென்றோம். மக்கள் வரிசையில் வந்தனர், நாம் கொடுத்தோம், அவர்கள் பெற்றனர். நம் உள்ளத்தில் ஒரு நிறைவு தோன்றியது. அந்நிறைவில் சற்றே பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

வரிசைக்கு வர இயலாதவர் ஒருவர் பின்தெருவில் இருப்பதாக ஒரு சிறுவன் சொன்னான். அவனுடன் சென்றோம். ஏறத்தாழ நம் வயதினர். இளமையில் பனை ஏறிப் பிழைத்தவர். மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. வெள்ளம் புகுந்த இரவில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் அவரைத் தூக்கிச் சென்று மாடி வீடொன்றில் சேர்த்திருக்கின்றனர். சேற்றில் புதைந்த சக்கர நாற்காலியையும் பிறகு மீட்டுத் தந்திருக்கின்றனர். அவர் கையில் அரிசியைக் கொடுத்து, பாயையும் விரித்துவைத்தோம். அவர் பாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பாய் நல்ல பாய்தான் அண்ணாச்சி, குறை சொல்லலை. ஆனா இதுல படுத்தா நான் எந்திரிக்க முடியாது. கட்டில்ல கிடந்தாத்தான் கையை ஊனி வண்டியில ஏறிக்கிடுவேன். கட்டிலு வெள்ளத்தோட போயிட்டு.”

“வந்தவர்களிடம் இதைச் சொல்லியிருக்கலாமே?” என்றோம்.

“யாரு கேட்டா, அண்ணாச்சி?” என்றார் அவர்.

அவர் குரலில் கோபமில்லை. அதுவே நம்மை மிகவும் சுட்டது. நமக்கு முன் வந்தவர்கள் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. கழிப்பறைக்குச் செல்ல மற்றவரை எழுப்ப நேருமே என்று அஞ்சி, அந்த மாடி வீட்டில் இரண்டு நாளும் தண்ணீர் குடிப்பதையே அவர் குறைத்துக்கொண்டதைப் பிறகு அறிந்தோம். முதுகுத்தண்டு அடிபட்டவர்க்கு உணர்ச்சியற்ற உடல், கடினமான தரையில் ஒரே பக்கமாகச் சில மணி நேரம் கிடந்தாலே தோல் கன்றும், படுக்கைப்புண் தோன்றும், அது சீழ்பிடித்தால் உயிரையே வாங்கிவிடும். நாம் அன்போடு விரித்த பாய், அவரைப் பொறுத்தவரை ஓய்வன்று, ஆபத்து. நாம் நேசிப்பதிலிருந்து செலவிட வேண்டும் என்பது மறை கற்றுத்தரும் பாடம். நாம் நேசிப்பதைத்தான் கொடுத்தோம். ஆனால் அவருக்குத் தேவையானதைக் கொடுக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்க ஒரேயொரு கேள்வி போதுமாயிருந்தது.

இது ஒரு மனிதரின் கதையன்று. ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் எச்சரிக்கை, செவித்திறன் இழந்தவரை எட்டுவதில்லை. தம் வீட்டை விரலால் அறிந்து நடமாடும் பார்வையற்றவர், நிவாரண முகாமின் கூட்டத்தில் திசை தெரியாது திகைக்கிறார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை அறிமுகமில்லாத கூட்டமும் இரைச்சலும் மிரட்டுகின்றன. 2011 மார்ச் 11இல் ஜப்பான் நாட்டை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, பாதிக்கப்பட்ட கடற்கரை ஊர்களில் உடற்குறை உடையோரின் இறப்பு விகிதம், பொதுமக்களின் விகிதத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்ததென்று கணக்கிட்டனர். செல்வமும் கருவியும் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை. அலை ஆளைப் பார்த்து அடிப்பதில்லை. எனினும், அலைக்கு முன்பே மனிதர்களை வரிசைப்படுத்தி நிறுத்தியிருக்கிறோம். அவ்வரிசையின் கடைசியில் நிற்பவரையே அலை எளிதில் கொண்டுபோகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதைத் தட்டிக் கழித்தல் நேர்மையாகாது. வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது, படகு ஒன்றே, ஆளும் இருவரே. நடக்கவியலாத ஒருவரைத் தூக்கி இறக்கும் நேரத்தில், நடக்கக்கூடிய நால்வரைக் காப்பாற்றிவிடலாம். அவ்வேளையில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அதிகமானோரைக் காப்பதுதானே அறம்? இப்படிக் கேட்பவர் கல்நெஞ்சரல்லர். நெருக்கடியில் நின்று பார்த்தவருக்கே இதன் கடுமை தெரியும்.

மூழ்குகின்றவரைக் காக்கத் தொழுகையையே முறித்துவிட வேண்டும் என்பது ஃபிக்ஹு கலை அறிஞர்களின் தீர்ப்பு. மூழ்குகின்றவருக்குக் கால் இருக்கிறதா, கண் இருக்கிறதா என்று அவர்கள் பிரித்துப் பேசவில்லை. உயிர் என்ற தகுதி ஒன்றே போதுமென்றனர். ஆயினும் ஒரு படகும் இரண்டு ஆளும் என்ற நிலையில் சிக்கியவர்மீது நாம் பழி சுமத்தமாட்டோம். நம் கேள்வி வேறு. அப்படியொரு நிலை ஏன் வந்தது? மழை வருமென்று அறிவிக்கப்பட்ட பிறகும், அந்தத் தெருவில் தாமே வெளியேற இயலாதவர் யார் என்று முதல் நாளே எவரும் பார்க்காததால் வந்தது. தண்ணீர் முழங்கால் அளவு ஏறுமுன் ஒரு மாட்டு வண்டியோ ஆட்டோவோ போதுமாயிருந்த இடத்தில், கழுத்தளவு ஏறிய பின் படகு தேவைப்படுகிறது. நள்ளிரவில் நம்மை வதைக்கும் அந்த அறச்சிக்கலை, வெயிலடித்த பகற்பொழுதுகளில் நாமே பின்னி வைத்தோம். ஆகவே இக்கடமை வெள்ள நாளில் தொடங்குவதன்று. வறண்ட நாளில் தொடங்குவது. வெள்ள நாளில் சோதிக்கப்படுவது.

‘ஃபர்ளு கிஃபாயா’ என்று நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவரும் செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். ஆனால் நடைமுறையில் முற்பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பிற்பகுதியை மறந்துவிடுகிறோம். ‘யாரேனும் பார்த்துக்கொள்வர்’ என்று ஊரார் அனைவரும் எண்ணும்போது, பார்த்துக்கொள்ள ஒருவருமில்லாமற் போகிறார்.

திருக்குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான ‘அபஸ’வின் வரலாறு நம் இல்லங்களில் அறியப்பட்டதே. குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருக்கையில், பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து இடையே பேசினார்கள். அண்ணலாரின் திருமுகம் சற்றே திரும்பிற்று. அதன்பொருட்டு இறைவசனங்கள் இறங்கின. இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு. பார்வையற்றவர் அம்முகத்தைக் கண்டிருக்கவே முடியாது. எனினும் அது பொருட்படுத்தப்பட்டது. காணாதவர் முன்னிலையிலும் முகத்துக்குக் கணக்கு உண்டு. அடுத்து, அவர் வந்தது பிச்சைக்காக அன்று. அறிவு தேடி வந்தார். பார்வையற்றவர் வந்து நின்றால் சில்லறையைத் தேடும் நம் கைகள், அவர் எதற்காக வந்தார் என்று கேட்டுப் பழகவில்லை.

மதீனாவில் அந்தப் பார்வையற்ற தோழர், பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்லும் பொறுப்பை ஏற்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் பலமுறை அவர்களிடம் விடப்பட்டது. ரமளான் மாதத்தில் உண்பதை நிறுத்த வேண்டிய நேரத்தை அறிவித்தது அவர்களுடைய பாங்குதான். விடியலைக் காணவியலாத ஒருவர் விடியலை எப்படி அறிவித்தார்? விடிந்துவிட்டது என்று மக்கள் அவர்களிடம் சொல்வார்கள். அவர்கள் பாங்கு சொல்வார்கள். உதவி என்பதன் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. மக்கள் அவருடைய இடத்தைத் தாம் எடுத்துக்கொள்ளவில்லை; அவரிடம் இல்லாத ஒன்றை மட்டும் இரவல் தந்தார்கள். அவரோ ஊர் முழுவதற்கும் பயன்பட்டார்.

இதற்குச் சான்று காண அரபு நாட்டுக்குப் போக வேண்டியதுமில்லை. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் ஏற்பட்ட காயத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் அவ்வூரிலிருந்து எழுந்த பள்ளியும் மருத்துவப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. நாம் ‘பெறுபவர்’ பட்டியலில் எழுதிவைத்த ஒருவர், கொடுப்பவராக எழுந்து நின்ற வரலாறு இது.

முன்னர் ‘ஊனமுற்றோர்’ என்று வழங்கினோம். இப்போது ‘மாற்றுத்திறனாளிகள்’ என்கிறோம். பெயர் மாறியது நன்றே. வரிசை மாறிற்றா? 2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, இயற்கைப் பேரிடரில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டென்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அவர்களுடைய விவரங்களைப் பதிந்துவைக்க வேண்டும்; ஆபத்து வருமுன் அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. ஆக, நாட்டின் சட்டமும் இதைக் கருணையென்று சொல்லவில்லை, உரிமை என்கிறது. நம் மொழியில் சொன்னால் இது ‘ஸதகா’ அன்று, ‘ஹக்கு’. ஸதகாவைக் கொடுப்பவர் தம் விருப்பப்படி கொடுக்கலாம். ஹக்கைச் செலுத்துபவரோ, உரியவரிடம் கேட்டே செலுத்த வேண்டும்.

சட்டத்தைத் தெருவுக்கு அழைத்து வருவது தெருவாரின் வேலை. நம் ஜமாஅத்துகளில் நிகாஹ் பதிவேடு இருக்கிறது. சந்தாப் புத்தகம் இருக்கிறது. ரமளானில் எந்த வீட்டுக்கு எத்தனை பேருக்குக் கஞ்சி என்பது வாய்ப்பாடாகத் தெரியும். அதோடு இன்னொரு ஏடு வைப்பது அரிதா? மழைக்காலத்துக்கு முன் இருவர் வீடுதோறும் சென்று கேட்கட்டும். யாருக்குப் படியேற இயலாது? யாருக்கு அறிவிப்பு செவியில் விழாது? யார் எந்த மருந்தை ஒருநாளும் விடக்கூடாது? தூக்க நேர்ந்தால் எப்படித் தூக்க வேண்டும்? எதை உடன் எடுத்துவர வேண்டும்? அவரே சொல்வதை அப்படியே எழுதி, ஒவ்வொருவருக்கும் அண்டை வீட்டார் இருவரைப் பொறுப்பாக்கட்டும். நம் சமுதாயத்தார் வீடுகள் மட்டுமல்ல, தெருவின் எல்லா வீடுகளும் அவ்வேட்டில் இடம்பெறட்டும். வெள்ளம் வீட்டைக் கேட்டு நுழைவதில்லை. அண்டை வீட்டாரின் உரிமைக்கும் மார்க்கம் அத்தகைய வேலி போடவில்லை.

ஏரல் பக்கத்து நண்பரிடம் மீண்டும் சென்றோம். இம்முறை முதலில் கேட்டோம். கட்டில் எந்த உயரம் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். சக்கர நாற்காலியின் இருக்கையும் கட்டிலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமாம். விரலளவு உயர்ந்தாலும் கை தாங்காதாம். தச்சர் அளவெடுத்துச் செய்து தந்தார். நாம் கொடுத்த பாய் என்னவாயிற்று என்று கேட்கத் தயங்கினோம். அவரே சொன்னார்: கட்டிலின்மேல் மெத்தை, மெத்தையின்மேல் அந்தப் பாய், வெயில் காலத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதாம்.

நம் பாய்க்கு அவர் ஓர் இடம் கண்டுபிடித்துத் தந்துவிட்டார். அடுத்த மழைக்கு முன் நம் தெருக்களிலும் சென்று கேட்போமாக. கேட்கும் செவியையும், கேட்டபடி செய்யும் கைகளையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக!