நாற்பத்து மூன்றாம் பக்கம்

நூறு நாட்கள், நூறு படங்கள். ஒரு நாள்கூட விடக் கூடாது. நோட்டிலிருந்து ஒரு தாளும் கிழிக்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு நானே போட்டுக்கொண்ட விதிகள் இவை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மனநிலை புரியும். கிட்ஹப்பில் தினமும் ஒரு பச்சைக் கட்டம் விழ வேண்டும். நடுவில் ஒன்று வெளிறிக் கிடந்தால் ராத்திரி தூக்கம் வராது.

நாற்பத்து மூன்றாம் நாள் மதுரையில் இருந்தேன். மனோகர் தேவதாஸின் கோட்டோவியங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த ஊரை நானும் ஒருமுறை வரைய வேண்டும் என்று கிளம்பிய பயணம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். பெயர்தான் புது, திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. அப்போது அதன் தூண்களுக்கு நடுவே வளையல் கடை, பாத்திரக் கடை, புத்தகக் கடை எல்லாம் இருந்தன. தையல்காரர்கள் சிற்பங்களின் காலடியில் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் வயதான ஒருவரை வரைந்தேன். நாற்பது நிமிடம். மிதிகட்டையை அழுத்தும் பாதம், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, தலைக்கு மேல் கல்லில் நிற்கும் யாளி.

முடித்ததும் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "தம்பி, இத எனக்குக் குடுத்துருவீகளா?" என்றார். "கடையெல்லாம் மாத்தப்போறாங்கன்னு பேசிக்கிறாக. தாத்தா இங்கதான் உக்காந்து தச்சேன்னு பேத்திக்குக் காமிக்கலாம்ல."

நான் சொன்ன பதில் இன்னும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இது ஒரு சீரிஸ்ங்கய்யா. கிழிக்க முடியாது. பிரிண்ட் போட்டு அனுப்புறேன்." விலாசம் சொன்னார். அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அன்று இரவு படத்தைப் பதிவேற்றும்போது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். அந்தத் தொடரிலேயே அதிக லைக் வாங்கிய படம் அதுதான். பிரிண்ட்டை நான் அனுப்பவே இல்லை.

கேள்வி இதுதான்: நாம் வரையும் மனிதருக்கு நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

புகைப்படம் என்றால் இந்தக் கேள்வி நமக்கு உடனே உறைக்கிறது. முன்பின் தெரியாதவர் முகத்துக்கு நேராக கேமராவை நீட்ட இன்று பலருக்கும் கூச்சம் இருக்கிறது. வரைவதற்கு அந்தக் கூச்சம் கிடையாது. வரைவது மென்மையான காரியம், அன்பான காரியம் என்று ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது. 2007இல் சியாட்டிலில் இருந்த பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ இணையத்தில் தொடங்கிய குழுதான் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற உலக அமைப்பாக வளர்ந்தது. அவர்களுடைய கொள்கை அறிக்கையில் எட்டு அம்சங்கள். இடத்துக்கே போய், கண்ணால் பார்த்து வரைய வேண்டும். கண்ட காட்சிக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும். படங்களை இணையத்தில் பகிர வேண்டும். எல்லாமே நல்ல விஷயங்கள். ஆனால் காட்சிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு வரைபவர் என்ன செய்ய வேண்டும் என்று அந்த எட்டில் எதுவும் இல்லை. காட்சிக்கு உண்மையாக இருப்பதும் ஆளுக்கு உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல.

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. கேட்டவருக்கெல்லாம் தாளைக் கிழித்துக் கொடுத்தால் நோட்டு என்ன ஆகும்? ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தவை ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்க'ளாக வந்தன. அங்கங்கே கேட்டவர்களுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் ஒரு தலைமுறையே அந்தச் சிற்பங்களைப் பார்த்திருக்காது. சேர்த்துவைப்பதிலும் ஒரு பொதுநன்மை இருக்கிறது. தவிர, ஒருவரை நாற்பது நிமிடம் கவனித்துப் பார்த்ததே அவருக்குச் செய்த மரியாதை இல்லையா?

அந்தக் கடைசி வாதத்தைத்தான் நான் ரொம்ப நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தை நான் மட்டும் கொடுக்கவில்லை. அவரும் கொடுத்தார். நான் பார்ப்பது தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் வெளிச்சத்தை மறைத்தபோது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தம்பி வரையுறாரு" என்றார். அந்தப் படத்தில் பாதி உழைப்பு அவருடையது. நான் அதை என் கவனத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

தினமும் ஒன்று என்ற யோசனை எனக்கு ஓன் கவாராவிடமிருந்து வந்தது. ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1966 ஜனவரி 4 அன்று தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அன்றைய தேதியை மட்டும் ஒற்றை நிறப் பின்னணியில் வரைந்துகொண்டிருந்தார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். எவ்வளவு கறாரான விதி! அந்தக் கறார்த்தனத்தை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை: அவர் வரைந்தது தேதியை. தேதி எதையும் திருப்பிக் கேட்காது. மனிதர் கேட்பார்.

தினப்பயிற்சி கண்ணைத் திறக்கிறது என்கிறார்கள். உண்மைதான். அவருடைய பாதம் மிதிகட்டையில் எந்தக் கோணத்தில் இருந்தது என்று இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஆனால் 'இத எனக்குக் குடுத்துருவீகளா' என்று அவர் கேட்டபோது அந்த முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. அந்த நேரம் நான் பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாளைக் கொடுத்திருக்க வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கொடுக்காமல் இருக்கவும் காரணங்கள் இருக்கலாம். ஆனால் என் காரணத்தை ஒருமுறையாவது அவருடைய காரணத்தோடு தராசில் வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் பேத்தி, இன்னொரு பக்கம் சீரிஸ். வைத்திருந்தால் பதில் தெரிந்திருக்கும், அதனால்தான் வைக்கவில்லை.

பிறகு புது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். செய்தியைப் படித்து, அதற்கும் பல மாதங்கள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். விசாரித்ததும் கிடைத்துவிட்டார். இப்போது மேலே யாளி இல்லை, டியூப் லைட்தான். அவருக்கு என்னை நினைவில்லை. "எந்தப் படம் தம்பி? நெறைய பேரு வந்து வரைவாக" என்றார். நோட்டைத் திறந்து, நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மிஷினு நல்லா வந்துருக்கு." அப்புறம் ஓரத்தில் விரலை வைத்து, "அட, நம்ம வீட்டு அட்ரஸு! இத யாரு எழுதுனது?" என்றார்.

நான்தான் என்றேன். எப்போது, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெட்டிவைத்திருந்த பாவாடைத் துணியை ஊசிக்கு அடியில் நகர்த்தினார். மடிப்பு சரியாக அவருடைய முகத்தின் மேல் விழுந்திருக்கும் என்று ஒரு கணம் எனக்குப் பதறியது. இன்னும் அதை என் படமாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது.