கேட்ட மஸ்அலாவும் கேட்காத மஸ்அலாவும்

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மயிலாப்பூரில் எங்கள் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கையில் ஒரு காகிதக் கட்டுடன் வந்து, ஸலாம் சொல்லி அருகில் அமர்ந்தார். தியாகராய நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். ஜமாஅத் தொழுகையைத் தவற விடாதவர். வட்டிக்குப் பணம் வாங்கி வியாபாரத்தைப் பெருக்குவதில்லை என்று இருபது ஆண்டுகளாக உறுதியோடு இருப்பவர். அவருடைய மூத்த மகன் அடையாறில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல ஆயத்தமாகிக் கொண்டிருந்தான்.

"ஹஜ்ரத், பையனுக்கு ஹெல்த் இன்ஷியூரன்ஸ் எடுத்தால்தான் பல்கலைக் கழகத்தில் சேர்த்துக் கொள்வார்களாம். இன்ஷியூரன்ஸ் ஹராம் என்றுதானே சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம்? எடுக்கலாமா, கூடாதா? நீங்கள் கூடாது என்று சொன்னால் அமெரிக்காவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்."

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பேச்சோடு பேச்சாக, நிரப்பிய பாரத்தையும் என்னிடம் நீட்டினார். 'இதற்கு முன்பு ஏதேனும் நோய் இருந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தப் பையனை ஏழு வயதிலிருந்து நான் அறிவேன். மக்தபில் என்னிடம் குர்ஆன் ஓதியவன். மார்கழிப் பனி வந்துவிட்டால் இரண்டு ஆயத்துக்கு ஒரு முறை மூச்சு வாங்கும். சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும்.

"தம்பிக்கு ஆஸ்துமா உண்டே பாய், எழுதவில்லையா?" என்றேன்.

"ஏஜெண்ட் அப்படித்தான் போடச் சொன்னார் ஹஜ்ரத். எழுதினால் பிரீமியம் கூடுமாம், தள்ளுபடி செய்தாலும் செய்வார்களாம். எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்களாம்" என்றார், மிகச் சாதாரணமாக.

சகோதரர்களே, இதை அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவர் என்னைவிட நல்லவர். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலமாக்களிடையே விவாதத்துக்குரிய ஒரு மஸ்அலாவுக்காக மகனின் எதிர்காலத்தையே விட்டுவிடத் துணிந்த ஒரு மூஃமின், விவாதத்துக்கே இடமில்லாத ஒரு பொய்யைக் கவனிக்கவே இல்லை. இந்நிலைக்குக் காரணம் யார்?

அவர் மட்டும் அல்லர், என் போன்றவர்களும்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வேறொரு தந்தை வந்தார். "நிர்ப்பந்தம்தானே, எடுத்துக் கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிட்டேன். பாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவுமில்லை. அந்தப் பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே சிறுநீரகக் கோளாறு. போன இடத்தில் அது முற்றிப் படுத்துவிட்டான். முன்பே இருந்த நோயை மறைத்தது வெளிப்பட்டு, கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. ஊரிலிருந்த வீட்டை விற்றார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் துண்டு விரித்தோம். விழுந்த பணம் அங்கே ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் காணவில்லை. அந்த வீடு போனதில் என்னுடைய ஒரு வரிக்கும் பங்கு உண்டு.

கேட்ட மஸ்அலா

முதலில் கேட்ட மஸ்அலாவுக்கு வருவோம். இன்ஷியூரன்ஸை உலமாக்கள் தடுத்ததற்குக் காரணம் உண்டு. கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத பேரத்தில் 'கரர்' இருக்கிறது. ஒருவர் சிறிது கட்டிப் பெரும் தொகை பெறுவதும், மற்றவர் கட்டியதெல்லாம் போவதும் சூதின் சாயலைக் கொண்டது. அந்தப் பணம் வட்டியில் முதலீடு செய்யப்படுவது தனிக் கேடு. 1836-ல் வஃபாத்தான டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபீ மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் சரக்குக்கு ஐரோப்பிய வணிகர்கள் செய்த இன்ஷியூரன்ஸை ஆராய்ந்து, அந்த நஷ்டஈட்டைப் பெறுவது ஆகாது என்று எழுதினார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் வியாபார இன்ஷியூரன்ஸ் ஹராம் என்றே தீர்மானித்தது. முஸ்தஃபா ஸர்கா போன்ற பெரும் ஆலிம்கள் இதற்கு மாற்றமாக அனுமதித்ததும் உண்டு.

அதே ஜித்தா தீர்மானம் ஒரு மாற்று வழியையும் காட்டியது. எல்லோரும் நன்கொடையாகப் போட்டு, துன்பப்பட்டவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கூட்டுறவு முறைதான் அது. உணவு குறைந்தால் இருப்பதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொண்ட அஷ்அரீ கூட்டத்தாரை, அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்தார்களல்லவா? அந்த வழிதான் இது. மலேசியா 1984-லேயே இதற்கென்று தகாஃபுல் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் வெளிநாடு செல்லும் மாணவனுக்கு அப்படியொரு நிறுவனம் இல்லை. ஆகவே 2006-ல் மைசூரில் கூடிய இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மருத்துவ இன்ஷியூரன்ஸைப் பொதுவாக அனுமதிக்காவிட்டாலும், சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் அனுமதித்தது. கட்டியதைவிட அதிகமாகச் சிகிச்சை கிடைத்தால், வசதியுள்ளவர் அந்தக் கூடுதலை நன்மை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

கட்டாயமும் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் மாணவர் விசா கேட்பவர் 2024 பிப்ரவரி முதல் ஆண்டுக்கு 776 பவுன் சுகாதாரக் கட்டணம் கட்டுகிறார். அது அரசாங்கத்துக்குப் போகிறது; நோய்க்குத் தக்கபடி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அதைச் சூதென்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை. ஜெர்மனியில் முப்பது வயதுக்குட்பட்ட மாணவர் பொதுக் காப்பு நிதியில் சேருகிறார். பழைய நோயைக் காட்டி அவரை மறுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மாணவர் மருத்துவக் காப்பு இல்லாமல் விசாவே இல்லை; பழைய நோய்க்குப் பெரும்பாலும் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜே-1 விசாவில் போகிறவருக்குக் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பு வேண்டும் என்பது சட்டம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போகும் எஃப்-1 விசாவுக்கு அப்படிச் சட்டமில்லை. பல்கலைக் கழகம்தான் நிபந்தனை போடுகிறது.

தவக்குல் எங்கே போயிற்று என்று சிலர் கேட்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று கற்பிக்கப்பட்ட உம்மத் நாம். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குப் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். முன்னெச்சரிக்கை ஈமானுக்குப் பகையல்ல.

எனவே பெரியவரிடம், "எடுக்கலாம் பாய், நிபந்தனை கேட்கும் அளவுக்கு எடுங்கள். இந்தப் பாவம் உங்கள் தலையில் விழாது, இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

கேட்காத மஸ்அலா

நிர்ப்பந்தம் எதை அனுமதிக்குமோ அதன் அளவுக்குத்தான் அனுமதிக்கும். இன்ஷியூரன்ஸ் எடுக்கும்படி பல்கலைக் கழகம் நிர்ப்பந்திக்கிறது. பொய் எழுதும்படி யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. அது நாம் விரும்பிச் செய்வது.

மதீனாவின் கடைத்தெருவில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சமாதானம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அந்த வியாபாரியும், கேட்டால் 'எல்லோரும் இப்படித்தான்' என்றுதான் சொல்லியிருப்பார். இன்ஷியூரன்ஸில் கம்பெனிக்காரன் பையனின் நெஞ்சைத் திறந்து பார்க்க முடியாது. நம் வாய்ச்சொல்தான் அவனுக்குக் குவியல். அதனடியில் ஈரத்தை வைத்து மூடலாமா?

"அது வட்டிக் கம்பெனிதானே ஹஜ்ரத், அவனிடம் என்ன அமானிதம்?" என்று ஒரு வாலிபர் என்னிடம் கேட்டார். ஹிஜ்ரத் இரவை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். கொலை செய்ய வாளோடு சூழ்ந்து நின்ற மக்காவாசிகளின் பொருள்கள் பெருமானார் (ஸல்) அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். எதிரி கெட்டவன் என்பதால் நம்முடைய நாணயத்துக்கு விடுமுறை கிடையாது. மேலும் அந்தப் பணம் கம்பெனியின் பணம் மட்டுமா? உண்மை எழுதி அதிகம் கட்டிய வேறு பிள்ளைகளின் பணமும் அதில் இருக்கிறது.

உலக லாபத்தையும் பார்ப்போம். இங்கே விற்கப்படும் மலிவான பாலிசிகள் பெரும்பாலும் பழைய நோயை விலக்கி வைக்கின்றன. மறைத்தது தெரிந்தால் எல்லாமே போகும். அமெரிக்காவில் 2010-ல் இயற்றிய மருத்துவச் சட்டத்தின்படி, 2014 முதல் பல்கலைக் கழகங்களின் மாணவர் காப்புத் திட்டங்கள் பழைய நோயைக் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது. விலை பல மடங்கு. ஆனால் ஆஸ்துமாக்காரப் பிள்ளை அங்கே பொய் சொல்லத் தேவையே இல்லை. பொய்யால் மிச்சமாவது பணம். பணயமாவது பிள்ளையின் மூச்சு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது இது. ஏழு வயதில் பொய் சொல்லாதே என்று அவனுக்கு ஓதிக் கொடுத்தோம். இருபத்திரண்டு வயதில், வீட்டை விட்டுப் புறப்படும் வேளையில், அத்தாவே அவன் கையில் பேனாவைக் கொடுத்து 'இல்லை' என்று எழுதிய தாளின் கீழ் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்த ஊரில் தனியாக இருக்கும்போது அவனுக்கு எது நினைவுக்கு வரும்? மக்தபா, அந்தப் பாரமா?

நம் பங்கு

'உண்மை எழுதினால் கட்டுப்படியாகாதே' என்று ஒரு ஏழைத் தகப்பன் அழுதால், வெறும் உபதேசம் செய்துவிட்டு எழுந்து போக எனக்கு உரிமையில்லை. மஹல்லாவின் உண்டியலால் அமெரிக்க ஆஸ்பத்திரியின் பில்லைக் கட்ட முடியாது. அதை நாங்கள் பார்த்துவிட்டோம். ஆனால் உண்மை எழுதியதால் கூடும் பிரீமியத்தைக் கட்ட முடியும். கல்யாண விருந்துகளில் வீணாவதில் ஒரு பங்கை ஸதக்காவாக ஒதுக்கினால், ஆண்டுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளுக்காவது ஈடுகட்டலாம். தகுதியுள்ளவருக்கு ஜகாத்திலிருந்தும் கொடுக்கலாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் இதை யோசிக்க வேண்டும். உலமாக்களான நாமும் இனி 'கூடுமா, கூடாதா' என்பதோடு நிறுத்தாமல், பாரத்தையும் வாங்கிப் பார்க்க வேண்டும்.

பெரியவர் அன்று பாரத்தை மடித்துக் கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பத்து நாள் கழித்து இஷாவுக்குப் பின் வந்தார்.

"பல்கலைக் கழகத்துத் திட்டத்தையே எடுத்துவிட்டேன் ஹஜ்ரத். நானும் வீட்டிலும் உம்ராவுக்கென்று சேர்த்து வைத்திருந்ததைத்தான் எடுத்துக் கட்டினேன். நாங்கள் ஷாஃபியீ, உம்ரா எங்களுக்குக் கடமை. தள்ளிப் போட்டது குற்றமாகுமா?"

"ஷாஃபியீ மத்ஹபில் உம்ரா வாழ்நாளில் ஒரு முறை கடமைதான். நிறைவேற்றும் உறுதியோடு பிற்படுத்த அதில் இடம் உண்டு பாய். பொய்யைப் பிற்பாடு திருத்திக் கொள்ளலாம் என்பதற்குத்தான் இடமில்லை" என்றேன்.

இம்முறை அவர் கேட்க வேண்டிய மஸ்அலாவைக் கேட்டிருந்தார். அந்த இருவருக்கும் உம்ராவின் பாக்கியத்தையும், அந்தப் பிள்ளைக்கு ஆஃபியத்தையும், நம் எல்லோருக்கும் வாய்மையையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.